திரும்பும் இருப்பு

தமிழ்நாட்டில் யாரும் எங்கேயும் போவதில்லை. எல்லோரும் போய்விட்டு வருகிறவர்கள்தான். மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, ஓசூர் தென்முகம் மோட்டார்ஸின் பேட்டரிப் பிரிவுக்கு உறைக்க ஏழு மாதம் பிடித்தது. அந்தப் பிரிவில் இருந்த பதினோரு பேரும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் என்பதுதான் வேடிக்கை.

ஊர்களெல்லாம் எல்லைக்கோடு போட்டுக்கொண்ட காலம் அது. கோட்டுக்கு உள்ளே, குடியிருப்புத் தெருக்களில், எந்த வண்டியும் எஞ்சினை ஓட்டக்கூடாது. பேட்டரியில்தான் வீடு சேர வேண்டும். கோட்டுக்கு வெளியே பெட்ரோல் எரித்துக்கொள்ளலாம். ஆகவே பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் கார்களுக்கு ஏக கிராக்கி. ஆனால் காலையில் கிளம்புகிற கார், இருக்கிற மின்சாரத்தையெல்லாம் போகும்போதே தின்று தீர்த்துவிட்டால், மாலையில் கோட்டருகே வந்து பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்கும். உள்ளே இருப்பதோ சின்ன எஞ்சின். அதனால் சக்கரத்தைச் சுற்ற முடியுமே தவிர, ஓடுகிற ஓட்டத்தில் பேட்டரியையும் நிரப்பும் தெம்பு கிடையாது. எனவே கிளம்பும்போதே, திரும்பி வருவதற்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அந்தப் பங்குக்குப் பேட்டரிப் பிரிவின் தலைவி திலகவதி வைத்த பெயர் 'திரும்பும் இருப்பு'.

திலகவதிக்கு நாற்பத்து மூன்று வயது. செல்களை எப்படி அடுக்குவது, சூட்டைத் தணிக்கும் குழாய் எந்த வழியாகப் போவது என்று அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒவ்வொன்றும் அவள் கைப்பட வரைந்தது. அவளுக்கு ஒரே ஓர் ஆசை. கார் கிளம்பும்போதே, இந்த ஆள் இன்றைக்குத் திரும்புவாரா, வெளியூரில் தங்கிவிடுவாரா என்று பேட்டரிக்குத் தெரிந்துவிட வேண்டும். தெரிந்துவிட்டால், எதற்கும் இருக்கட்டும் என்று அடைத்து வைத்திருக்கும் செல்களில் அறுபத்திரண்டு கிலோவைக் குறைத்துவிடலாம்.

"அறுபத்திரண்டு கிலோன்னா ஒரு ஆளு! ஒவ்வொரு காரும் ஒரு ஆளைச் சும்மா சுமந்துக்கிட்டுத் திரியுது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

சரி, ஆள் திரும்புவாரா என்று காருக்கு எப்படித் தெரியும்? கிளம்பும்போது அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் போயிற்று. காருக்குப் பேச்சைப் புரியவைக்கும் வேலை பேச்சிமுத்துவிடம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், முப்பது வயது, வாய் ஓயாது. "பேரிலேயே பேச்சு இருக்குல்லா மேடம், வேற யாருகிட்ட குடுப்பிய?" என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

'போறேன்' என்றால் போகிறார். 'போயிட்டு வரேன்' என்றால் வருவார். இதுதான் அவர்கள் காருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். நானூறு சோதனைக் கார்களை ஊழியர்கள் வீட்டுக்கும் தெரிந்தவர்கள் வீட்டுக்கும் கொடுத்தார்கள். ஏழு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால், எல்லாக் கார்களும் எல்லா நாளும் பாதி மின்சாரத்தைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டு, அநியாயத்துக்குப் பெட்ரோல் குடித்திருந்தன. மூன்று பெட்டியோடு டில்லி ரயிலேறப் போனவர் 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குக் கிளம்பிய பெண் அதையே அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். துபாய்க்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனவரும் அதையேதான் சொன்னார். துக்க வீட்டிலிருந்து புறப்பட்டவர்கள் மட்டும் வாயைத் திறக்காமல் வண்டியில் ஏறினார்கள். வரமாட்டார்கள் என்று கார் சரியாகக் கணித்த ஒரே கூட்டம் அவர்கள்தான்.

"மேடம், நம்ம சனம் பூராப் பொய் சொல்லுதுன்னு ரிப்போர்ட்ல எழுதிரவா?" என்றான் பேச்சிமுத்து.

"பொய் இல்லப்பா, வழக்கம். 'போறேன்'னு சொன்னா வாயில அடிப்பாங்க."

"வண்டிக்கு வழக்கம் தெரியாதே! அது பாவம், சொன்னத நம்பிட்டு உக்காந்திருக்கு."

நம்புவதை நிறுத்தச் சொன்னார்கள். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. வார்த்தையை விடு, உனக்கு எதெல்லாம் தெரிகிறதோ அதையெல்லாம் பார்த்து நீயே கற்றுக்கொள் என்று காரை அவிழ்த்துவிட்டார்கள். குரல், கதவைச் சாத்துகிற வேகம், டிக்கியில் ஏறும் கனம், மிதியில் காலின் அழுத்தம், கதவு திறந்திருக்கும்போது வாசலில் கேட்கும் சத்தம், எல்லாம். எதைப் பார்த்து முடிவு செய்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும், வந்தாரா வரவில்லையா என்பதை மட்டும் காருக்குச் சொன்னார்கள். அதற்குத் திலகவதி ஒரு விதி வைத்தாள். மாலை ஏழு மணிக்குள் காரை வீட்டு பிளக்கில் செருகினால் 'வந்தார்'; செருகாவிட்டால் 'வரவில்லை'. ஏழுக்கு மேல் ஊர் முழுக்க அடுப்பும் ஏசியும் ஓடும், வீட்டு பிளக்கில் மின்சாரம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும் என்பது அவள் சொன்ன காரணம். யாரும் மறுக்கவில்லை.

நான்கே மாதத்தில் கார் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தடவை சரியாகச் சொல்ல ஆரம்பித்தது. இயக்குநர் சீனப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனிதர் தம் கையாலேயே ஆபீஸ் முழுக்க மைசூர் பாகு கொடுத்தார். மாதக் கடைசியில் வடிவமைப்புக்குக் கையெழுத்து; அப்புறம் அச்சு வார்த்து லட்சக்கணக்கில் கார். அறுபத்திரண்டு கிலோ குறைந்த பேட்டரி!

கையெழுத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பேச்சிமுத்து அவளைத் தன் திரைக்கு முன்னால் கூப்பிட்டான்.

"இங்க வாங்களேன் மேடம், ஒரு அதிசயம் காட்டுதேன். யாருன்னு தெரியாது, நமக்கு நம்பர் மட்டுந்தான். இந்த எரநூத்திப் பதினேழப் பாருங்க. மொதல்ல நூத்துக்கு அம்பது எடுத்து வச்சிட்டு இருந்த வண்டி. அப்புறம் நாப்பத்தி நாலு, முப்பத்தொண்ணு, இருவது... இன்னைக்கு ஒம்பது. தெனமும் கொறையுது."

"அப்படின்னா?"

"ஆளு கெளம்பப் போறாருன்னு அர்த்தம்! வீட்ட விட்டு. வண்டிக்கு நம்பிக்கை போயிட்டு மேடம். இதே மாதிரி முப்பத்தொரு வண்டி சரிஞ்சிருக்கு. அதுல ஒம்பது இப்ப வேற வீட்டு பிளக்ல நிக்கி. நம்ம வண்டி ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே சொல்லிட்டுல்லா!" அவன் முகத்தில் அத்தனை பெருமை.

திலகவதி திரையில் இருந்த எண்ணை இன்னொரு தடவை படித்தாள். இருநூற்றுப் பதினேழு அவள் வீட்டுக் கார். ஓட்டுவது அவள் புருஷன் குணாளன்.

குணாளன் தோட்டக்கலை அதிகாரி. தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கம் பசுமைக்குடில்களில் ரோஜாவும் குடைமிளகாயும் போடுகிற விவசாயிகளிடம், இலையில் புள்ளி விழுந்தால் என்ன, வேர் அழுகினால் என்ன என்று நாள் முழுக்கப் பேசுகிறவன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். ஒரே மகள் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சோதனைக் காருக்கான ஒப்புதல் தாளை நீட்டியபோது, "உன் பேட்டரிக்கு நான் கையெழுத்துப் போடாம யாரு போடுவா?" என்று படித்துக்கூடப் பார்க்காமல் போட்டவன்.

அவனா? அவனாவது, வீட்டை விட்டுப் போவதாவது! ஒரு சட்டையைத் தேடுவதற்கே மூன்று முறை கூப்பிடுகிற மனிதன்.

ஆனால் சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் உட்கார்ந்து கால் நீட்டிக்கொள்ளும். ஆறரை மணிக்கு வந்துகொண்டிருந்தவன் இப்போது எட்டுக்குத்தானே வருகிறான்? அன்று மாலையும் எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் முகம் கழுவினான்.

"சாப்பிட வாங்க."

"பசிக்கல திலகா. நீ சாப்பிடு."

"நேத்தும் பசிக்கல, முந்தாநாளும் பசிக்கல. எங்க சாப்பிடுறீங்க?"

"வழியில ஏதோ கடிச்சேன்."

"வழியில யாரு?"

"யாருன்னா? கடைதான்." துண்டால் முகத்தை மூடிக்கொண்டே சொன்னான். பொய் சொல்லத் தெரியாத முகம் அது. அதனால்தான் மூடிக்கொண்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

சிறிது நேரம் கழித்து பால்கனியில் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் துணி எடுக்கிற சாக்கில் ஜன்னலருகே போய் நின்றாள். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாகப் புருஷன் பேச்சை ஒட்டுக் கேட்டாள்.

"ஆமா, நாளைக்கும் வருவேன். ஆறு மணிக்கு. எனக்குன்னு எடம் வைங்க, வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றான் குணாளன். அப்புறம் மெல்லச் சிரித்தான். "வீட்ல ஒண்ணும் தெரியாது. சொல்லல."

அவள் எடுத்த துணியை மறுபடி கொடியிலேயே போட்டுவிட்டு வந்தாள். நேருக்கு நேர் கேட்டுவிடலாம்தான். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்? காலையில் கேட்கலாம் என்று நினைத்தால், எட்டேகாலுக்கு அவளுக்குக் கொரியாக்காரர்களோடு பேச்சு. செல் செய்து தருகிறவர்கள் அவர்கள். நான்கு மாதமாக ஒரு நாள் தவறாமல் அந்த நேரத்தில் காதில் ஹெட்செட்டை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். சீனப்பா வைத்த நேரம். அடுத்த நாளும் அப்படியே போயிற்று.

கடைசியில் அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். பேச்சிமுத்துவைக் கூப்பிட்டாள்.

"கார் எதைப் பார்த்து முடிவு பண்ணுதுன்னு எனக்குத் தெரியணும். கையெழுத்துக்கு முன்னாடி."

"அது அதுக்கே தெரியாது மேடம். கத்துக்கிட்டது ஆயிரம் சாமானச் சேத்துப் பாக்கும். மோப்பம் பிடிக்கிற நாய்கிட்ட எந்த வாசனைன்னு கேட்டா சொல்லுமா?"

"மூக்கை ஒவ்வொரு பக்கமா மூடிப் பாரு. எதை மூடினா அதுக்கு வழி தெரியாமப் போகுதோ, அதுதான்."

அவன் இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். டிக்கியின் கனத்தை மறைத்துப் பார்த்தான். கணிப்பு கொஞ்சம்தான் கெட்டது. மிதி அழுத்தத்தை மறைத்தான், கதவுச் சத்தத்தை மறைத்தான், போகிறவரின் குரலையே மறைத்தான். ஒன்றும் பெரிதாக மாறவில்லை. மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு மேல் அவள் அறைக்குள் வந்தவன் வழக்கம்போல் சிரிக்காமல் நின்றான்.

"கண்டுபிடிச்சிட்டேன் மேடம். நாம பூரா நேரமும் தப்பான ஆளப் பாத்துட்டு இருந்திருக்கோம். போறவரு என்ன சொல்லுதாருங்கிறத வண்டி கண்டுக்கிடவே இல்ல."

"பின்னே?"

"வீட்ல இருக்கவுக. அவுக பதில் சொல்லுதாங்களான்னு கேக்கு. இத கேளுங்க, அம்பத்தெட்டாம் நம்பர்." பொத்தானை அழுத்தினான். ஒரு ஆண் குரல், 'வரேம்மா' என்றது. எங்கிருந்தோ ஒரு பெண் குரல், 'போயிட்டு வா, குடை எடுத்துக்கிட்டியா' என்றது. "அம்புட்டுதான். பாதிய எடுத்து வச்சிட்டு. குடைன்னாலும் சரி, 'ம்'னாலும் சரி, திட்டினாக்கூடச் சரி. பதில்னு ஒண்ணு வந்தா ஆளு வந்துருவாருன்னு நம்புது. பதில் வராத வீட்ல கொஞ்சங் கொஞ்சமாக் கொறைக்கு. முப்பத்தொரு வண்டியும் அப்படித்தான். இப்ப நம்ம எரநூத்திப் பதினேழு—"

வேண்டாம் என்று அவள் சொல்வதற்குள் அவன் அழுத்திவிட்டான்.

'திலகா, போயிட்டு வரேன்.' குணாளன் குரல். ஒரு நொடி, இரண்டு நொடி, காத்திருந்த மாதிரி சும்மா இருந்தது. அப்புறம் தூரத்தில், வீட்டுக்குள்ளிருந்து, ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் செல்களின் சூடு பற்றி யாரையோ விரட்டி விரட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் பின் கதவு சாத்தும் சத்தம்.

பேச்சிமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. தினமும் கூட்டத்தில் கேட்கிற குரல், தெரியாமல் இருக்குமா?

"மேடம்... எனக்குத் தெரியாது மேடம். சத்தியமா."

"எத்தனை நாள் இப்படி இருக்கு?"

"எண்பத்தாறு நாள்னு வண்டிக் கணக்குல இருக்கு. சத்தத்த இப்பத்தான் மொதமொதக் கேக்கேன்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அவரு ஒரு நாள்கூடச் சொல்லாமப் போகல மேடம். எல்லா நாளும் சொல்லுதாரு. நின்னுட்டுத்தான் போறாரு."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனதும் திலகவதி அழுதாள். நன்றாகவே அழுதாள். போகிற ஆளைப் பற்றி ஐந்து நாளாக நெஞ்சு வெந்துகொண்டிருந்தவளுக்கு, அந்த ஆள் எண்பத்தாறு காலை வாசலில் இரண்டு நொடி நின்றிருக்கிறான் என்பதைத் தாங்க முடியவில்லை. அவன் போகத்தான் போகிறான் என்றால், போகட்டும் என்று சொல்லும் உரிமைகூட இப்போது அவளுக்கு இல்லாததுபோல் இருந்தது.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு ஹெட்செட் காதில் இருந்தது. கொரியாக்காரர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். எட்டு இருபதுக்கு வாசலிலிருந்து குணாளன் வழக்கம்போல், "திலகா, போயிட்டு வரேன்" என்றான்.

அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் போட்டாள். எழுந்து வெளி கேட் வரை போனாள். அவன் ஒரு காலைக் காருக்குள் வைத்திருந்தான்.

"போயிட்டு வாங்க" என்றாள்.

குணாளன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ம்" என்று தலையாட்டினான். கார் சத்தமில்லாமல் தெருமுனை திரும்பிற்று. அவள் உள்ளே போய், கொரியாக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடி கேட் திறக்கிற சத்தம். குணாளன் மூச்சு வாங்க உள்ளே வந்தான்.

"என்ன ஆச்சு? எதையாவது மறந்துட்டீங்களா?"

"உனக்கு என்ன ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா? டாக்டர் ஏதாவது சொன்னாரா?" அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். "பாலம் வரைக்கும் போயிட்டேன், மனசு கேக்கல. வெளிய வந்து 'போயிட்டு வாங்க'ன்னு சொல்ற. கண்ணு வேற கலங்கியிருக்கு. நான் என்னன்னு நினைக்கிறது?"

திலகவதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஹெட்செட்டிலிருந்து கொரியக் குரல் 'ஹலோ, ஹலோ' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவள் அதை அணைத்தாள்.

"ஏங்க, நீங்க என்னை விட்டுட்டுப் போகப் போறீங்களா?"

"என்னது?"

"யாரு உங்களுக்கு எடம் போட்டு வைக்கிறது? ஆறு மணிக்கு?"

குணாளன் திருட்டு முழி முழித்தான். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அதைக் கேட்டுட்டியா? அது... எல்லைக்கோட்டுக்கிட்ட மல்லப்பா டீக்கடை. வாசல்ல சார்ஜ் போடுற கம்பம் ஒண்ணு இருக்கு. ஆறு மணிக்கு மூணு நாலு வண்டி அடிச்சுக்கும். அதான் எனக்குன்னு எடம் வைக்கச் சொல்றது."

"எதுக்கு?"

"எதுக்கா? கோட்டுக்கு வந்தா வண்டியில சார்ஜ் சுத்தமா இல்ல திலகா. ரெண்டு மாசமா இதே கதைதான். ஒண்ணரை மணி நேரம் உக்காந்து, நாலு போண்டா தின்னு, ஏத்திக்கிட்டு வரேன். எனக்கு உளுந்துப் போண்டாவே வெறுத்துப் போச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது?" அவன் கையை விரித்தான். "ரெண்டு வருஷமா அந்தப் பெட்டியோட மல்லுக்கு நிக்கிற. ஆபீஸ்ல ஸ்வீட் குடுத்தாங்கன்னு வந்து எவ்வளவு சந்தோஷமாச் சொன்ன! அன்னிக்குப் போய், உன் பேட்டரி நட்டாத்துல விடுதுன்னு சொல்லவா? என் வண்டியில மட்டும் ஏதோ கோளாறு போலன்னு விட்டுட்டேன். கையெழுத்து ஆகட்டும், அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அவளுக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. அவள் பதில் சொல்லவில்லை. கார் கொஞ்சம் குறைத்தது. குறைத்ததால் கோட்டருகே நின்றான். நின்றதால் ஏழு மணிக்குள் வரவில்லை. ஏழு மணிக்குள் வராதவன் 'வரவில்லை' என்று விதி எழுதியவள் அவளேதான். பார்த்தாயா, நான் சொன்னேனே என்று கார் இன்னும் குறைத்தது. வரமாட்டான் என்று முடிவு கட்டி, வர முடியாமல் செய்து, வரவில்லை என்று மதிப்பெண் வாங்கிக்கொண்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு!

இந்த மனிதனாவது டீக்கடையில் உட்கார்ந்து, பொண்டாட்டியின் பேட்டரியைக் காட்டிக்கொடுக்காமல் போண்டா தின்றான். எல்லா வீட்டிலும் அப்படியா இருக்கும்? எட்டு மணிக்கு வந்தவனிடம் 'எங்க போயிருந்த' என்று ஆரம்பித்திருப்பார்கள். நம்பாமல் கத்தியிருப்பார்கள். அந்த ஒன்பது வண்டி!

"சாயந்திரம் போண்டா தின்னாதீங்க" என்றாள் அவள். "வீட்ல சாப்பிடலாம்."

"அதுக்கு வண்டி வரணுமே?"

"வரும். நான் பாத்துக்கிறேன்."

சீனப்பா அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். மேஜைமேல் கையெழுத்துக்கான தாள் இருந்தது. அதன் மேல் அவள் புதிதாக எழுதிய ஒற்றைத் தாளை வைத்திருந்தாள். கணிப்பை எடுத்துவிட வேண்டும். கிளம்புகிற ஒவ்வொரு முறையும், யாராக இருந்தாலும், பாதியை ஒதுக்கிவிட வேண்டும். பேட்டரியில் குறைத்த அறுபத்திரண்டு கிலோவைத் திரும்பச் சேர்க்க வேண்டும். சோதனைக் கார்களுக்கு இன்றே மாற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

"ஒரு ஆளைச் சும்மா சுமக்குதுன்னு நீதானேம்மா ரெண்டு வருஷமாச் சொன்ன?"

"சுமக்கட்டும் சார். சொன்னது தப்பு."

"தொண்ணூத்தேழு சரியாச் சொல்ற மிஷினைத் தூக்கிப் போடச் சொல்ற. போர்டுல கேப்பாங்க, என்னன்னு சொல்லட்டும்?"

"அது சரியாச் சொல்லல சார், சொன்னதைச் சரியாக்கிடுச்சு. ஒம்பது வண்டி வேற பிளக்ல நிக்குது. அதுல எத்தனை பேர் உண்மையிலேயே போக நினைச்சாங்க, எத்தனை பேரை நாம அனுப்பிவச்சோம், எனக்குத் தெரியாது. யாருக்குமே இனிமே தெரியாது. வீட்ல யாரும் பதில் சொல்லலன்னு ஒரு பேட்டரி கோவிச்சுக்க வேண்டிய அவசியம் இல்ல. அவரு வரேன்னு சொல்லிட்டுப் போறாரு. அது நம்பிட்டுப் போகட்டுமே."

சீனப்பா பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அறுபதை நெருங்குகிற மனிதர். ஆபீசில் அவருக்கு முன்னால் வந்தவரும் கிடையாது, அவருக்குப் பின்னால் போனவரும் கிடையாது.

"திலகவதி, என்கிட்டயும் ஒரு சோதனைக் கார் இருக்கு."

"தெரியும் சார். நாற்பதாம் நம்பர்."

"அது எவ்வளவு எடுத்து வைக்குது?"

அவள் அவரைப் பார்த்தாள். அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதாம் நம்பரின் கணக்கை அவள் பார்த்ததில்லை. முப்பத்தொரு வண்டிகளின் பட்டியல் பேச்சிமுத்துவிடம்தான் இருந்தது.

"பாத்துச் சொல்லட்டுமா சார்?"

"வேணாம்மா" என்றார் அவசரமாக. பிறகு அவள் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுத் தலை நிமிராமலேயே சொன்னார்: "அந்த எட்டேகால் மீட்டிங்கை நாளையிலேருந்து பத்து மணிக்கு மாத்திடு."

"கொரியாக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க சார். காரணம் கேப்பாங்க."

"வீட்ல ஆளுங்க கிளம்புற நேரம்னு சொல்லு" என்றார் சீனப்பா. "அவங்க வீட்லயும் கிளம்புவாங்க இல்ல?"